பிளெக்ஸில் வந்த அமேலியாவும் பஸ்ஸில் வந்த அண்ணாமலையும்

கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவருக்கு, வந்தவர் சாப்பிட்டுக் கிளம்பினால் வேலை முடிந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் வரவேற்பு வேலை பார்ப்பவருக்கு, வந்தவர் கிளம்பாமல் இருந்தால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு.

வீட்டுக்கு வந்த விருந்தாளி "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்படியில் நின்று கையைப் பிசைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. மேற்கொண்டு படியுங்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம். முனைவர் பட்டத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களை அழைத்துவந்து, அறை கொடுத்து, ஊர் பழக்கி, அழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டு மாணவருக்கு என்று வருஷத்துக்கு ஓர் இடம் உண்டு. முதல் வருஷம் வந்தவர் காய்ச்சல் என்று மூன்றாம் வாரமே விமானம் ஏறினார். அடுத்த வருஷம் வந்தவர் காரணமே சொல்லாமல் கிளம்பிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: இந்த வருஷம் வருபவரும் ஆறு மாத அறிக்கையைக் குழு முன்னால் வைக்காமல் போனால் அந்த இடம் ரத்து, அதோடு வரவேற்புப் பிரிவும் ரத்து. பிரிவு என்றால் வேறு யாருமில்லை, நான் ஒருத்திதான்.

அப்படிப்பட்ட வருஷத்தில்தான் மொசாம்பிக்கிலிருந்து அமேலியா வந்தாள். மரவள்ளியில் வரும் தேமல் நோய் அவள் ஆராய்ச்சி. மலையில் முப்பது கொல்லைகளிலிருந்து (மேட்டு நிலத்தை இங்கே கொல்லை என்பார்கள்) நோய் பிடித்த இலை எடுத்து அறிக்கை எழுத வேண்டும்.

இரண்டு தேதி

இந்த முறை குறையே இருக்கக் கூடாது என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு வரவேற்பு பிளெக்ஸ் வைக்க முடிவு செய்தேன். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அமேலியாவின் படம், பெயர், பிறந்த தேதி, வரும் தேதி எல்லாவற்றையும் அனுப்பி, "நல்லா பெருசா போடுங்க" என்றேன். பிறந்த தேதியை ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். ஆபீஸ் ஃபைலில் அந்த வரிசையில் இருந்தது, அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு படம், இரண்டு தேதி என்றால் அவர் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலையில் போய்ப் பார்க்கிறேன், பத்தடி உயரத்தில் கறுப்பு வெள்ளையில் அமேலியா சிரிக்கிறாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பிறந்த தேதிக்கு மேலே 'தோற்றம்', வரும் தேதிக்கு மேலே 'மறைவு'. கீழே 'கண்ணீருடன், ஆராய்ச்சி நிலையக் குடும்பத்தார்'.

அவிழ்க்கச் சொல்லி நான் கடைக்காரரைத் தேடி ஓடிய நேரத்தில் சென்னை பஸ் வந்துவிட்டது. அமேலியா இறங்கி, பேனரைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, அதன் முன்னால் நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். தன்னை இவ்வளவு பெரிதாக யாரும் வரவேற்றதில்லையாம். விஷயத்தை அவளிடம் நான் சொன்னது மூன்று மாதம் கழித்து. அன்றைக்கு எதிர் டீக்கடைக்காரர் மட்டும் கையில் கிளாஸோடு என்னிடம் ஓடிவந்தார். "மேடம், பேனர்ல இருக்கற அம்மா வந்து டீ கேக்குது, குடுக்கட்டுமா?"

ரொட்டி உபசாரம்

எங்கள் மெஸ் சமையல்காரர் கோவிந்தன் தங்கமான மனிதர். வெளிநாட்டு வயிறு நம்ம காரத்தைத் தாங்காது என்று நானும் அவரும் கலந்து பேசி, அமேலியாவுக்குத் தனித் தட்டு ஏற்பாடு செய்தோம். காலையில் ரொட்டி ஜாம், மதியம் ரொட்டி வெண்ணெய், ராத்திரி ரொட்டி பால். ரொட்டி தீர்ந்துவிடக் கூடாது என்று கோவிந்தன் தினமும் சைக்கிளில் கச்சிராயபாளையம் போய் வாங்கிவருவார். பதினோராம் நாள் அமேலியா என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: மற்றவர்கள் சாப்பிடும் அந்தச் சிவப்புக் குழம்பைச் சாப்பிட நான் எந்தப் படிவம் நிரப்ப வேண்டும்?

அன்று மதியம் கருவாட்டுக் குழம்பும் அவித்த மரவள்ளியும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். மரவள்ளி அவள் ஊரில் அன்றாடச் சாப்பாடு, மிளகாய் எங்களைவிட ஜாஸ்தி. நான் சிரித்தேன், எல்லாரும் சிரித்தார்கள், கோவிந்தன் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் என்ன யோசிக்கிறார் என்பது அவர் வாயைத் திறந்ததும் எனக்கும் சுருக்கென்று தைத்தது. "போன வருசம் காரணம் சொல்லாம போனாரே, அவருக்கும் இதே ரொட்டிதான மேடம் போட்டோம்? அப்ப அவர தொரத்தி வுட்டது நாமதானா?"

பார்வையாளர் சீட்டு

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன். அமேலியா வந்த அதே வாரம் இன்னொரு புது மாணவரும் சேர வேண்டியிருந்தது. பெயர் அண்ணாமலை, மேலே வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமம். அந்த ஊரிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வரும் முதல் ஆள். உள்ளூர்தானே என்று நான் பஸ் ஸ்டாண்டுக்கும் போகவில்லை, ஜீப்பும் அனுப்பவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு ஒருவர் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தோட்ட வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து, நானே என் கையால் பார்வையாளர் சீட்டு எழுதிக் கொடுத்து, "அய்யா சாப்புட்டு வர நேரமாவும், ஒக்காருங்க" என்றேன்.

பெயர் தெரிந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அவர் முடிக்கவிடவில்லை. அந்தப் பார்வையாளர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அவங்க கடல் தாண்டி வந்தாங்க, பேனர் வச்சீங்க. நான் மலை எறங்கி வந்தேன். ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம், அத்தோட வுடுங்க மேடம்."

டவுன் பஸ்

அமேலியாவின் தலையில் நூற்றுக்கணக்கான மெல்லிய சடைகள். டவுன் பஸ்ஸில் பெண்கள் தொட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? நான் நடுவில் புகுந்து தடுக்கப் போனேன். அவளோ என்னை ஓரம் கட்டிவிட்டு, அரைகுறைத் தமிழில் ஒரு சட்டம் போட்டாள். என் சடையை நீ தொட்டால் உன் சடையை நான் தொடுவேன். அவ்வளவுதான், பாதி பஸ் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒரு அம்மா தன் கனகாம்பரத்தையே எடுத்து இவளுக்குச் சூட்டிவிட்டார். கண்டக்டர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். "சடைய அப்புறம் பாருங்கம்மா, எறங்க வேண்டியவங்க எறங்குங்க, மூணு ஸ்டாப்பு தாண்டிப் போயிடுச்சி!"

ஜீப்

மெஸ் சரியாகி, பஸ் சரியாகி, இனி வெற்றிதான் என்று நான் தோளைத் தட்டிக்கொண்ட நேரத்தில் மலை கதவைச் சாத்தியது. அண்ணாமலையைத் துணைக்கு அனுப்பி, நிலையத்து ஜீப்பையும் கொடுத்து, நானும் கூடவே போனேன். முதல் கொல்லை அவர் சித்தப்பா காளியப்பனுடையது. தேமல் பிடித்த இலையைப் பறித்து, கவரில் போட்டு, மேலே 'ஒன்று' என்று எண் எழுதினாள் அமேலியா. காளியப்பன் வந்து கவரை வாங்கி, இலையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். மலையில் நிலத்துக்குப் பட்டா இல்லாமல் காலம் காலமாக உழுபவர்கள் பலர். வெளியாள் வந்து எண் போட்டால் அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த கொல்லையிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும். இரண்டு மாதம் அலைந்தும் கையில் ஓர் இலை இல்லை. குழு வர ஆறு வாரம்தான் பாக்கி. அமேலியா பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள் என்று கோவிந்தன் வந்து சொன்ன அன்றே நான் மறுபடி மலை ஏறினேன். "உங்க பையனே கூட வந்தும் நம்ப மாட்டேங்கிறீங்களே" என்று நான் காளியப்பனிடம் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணாமல எங்க பையன்தான், இல்லன்னு சொல்லலயே. ஆனா அவன் வந்து எறங்குன ஜீப்பு கெவுர்மென்ட்டு ஜீப்புங்க."

உரல்

மறுநாள் காலை அமேலியா சொன்னாள்: "அக்கா, ஜீப் வேணாம். நீங்களும் வேணாம்." சரி என்று தலையாட்டிவிட்டு, அவளும் அண்ணாமலையும் ஏறிய பஸ்ஸிலேயே பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பழக்கம் போகுமா?

காளியப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி பொன்னி உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். அமேலியா பையை வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த இன்னோர் உலக்கையை எடுத்தாள். பொன்னியின் உலக்கை மேலே போகும்போது இவளுடையது இறங்குகிறது. ஒரு தடவைகூட இடிக்கவில்லை. பொன்னி வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், இவளும் கூட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். குத்தி முடித்து மூச்சு வாங்கும்போது அமேலியா கேட்டாள்: மரவள்ளி இலையை நீங்கள் என்ன செய்வீர்கள்? "ஆட்டுக்குக் கூட போட மாட்டோம், தின்னா செத்துப் போவும்" என்றார் பொன்னி. எங்கள் ஊரில் அதுதான் குழம்பு என்றாள் இவள். கூட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை. கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் நானே நம்பவில்லை.

செய்து காட்டினாள். கொழுந்து இலையாகப் பறித்து, உரலில் நைய இடித்து, மூடாமல் நெடுநேரம் கொதிக்கவைத்து, வேர்க்கடலைப் பொடியும் தேங்காய்ப் பாலும் ஊற்றினாள். (நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், பக்குவம் தெரியாவிட்டால் ஆபத்து.) ஊரே சுற்றி நிற்க, ஒரு கிண்ணம் நிறைய அவள் மட்டும் சாப்பிட்டாள். ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக்கூட ஜீப் இல்லையே என்று நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. போகும்போது அவள் காளியப்பனிடம் கவர்க் கட்டைக் கொடுத்தாள். எண் வேண்டாம், உங்களுக்குப் பிடித்த பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பெயர் எந்தக் கொல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிறுத்தத்தில் ஒரு கூட்டம். பொன்னி அமேலியாவின் கண்ணையும் நாக்கையும் ஆடு வாங்குபவர் போலப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உரக்கச் சொன்னார். "நேத்து தின்னவ இன்னிக்கும் நல்லாத்தான் நிக்கிறா. வாம்மா, எந்தக் கொல்லையில வேணுமோ பறிச்சிக்கினு போ!"

குழு

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நான் நாற்காலி துடைத்து, பூங்கொத்து வாங்கி, எல்லாம் செய்தேன். நான் செய்யாதது ஒன்று நடந்தது. பத்து மணிக்கு மலை பஸ்ஸிலிருந்து பொன்னி, காளியப்பன், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி, கூட்ட அறையின் கடைசி வரிசைகளில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் அழைக்கவில்லை, பார்வையாளர் சீட்டு கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அமேலியா படங்களை ஓட்டினாள். முப்பது இல்லை, முப்பத்தொன்பது கொல்லை. குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மாதிரியின் பெயர் வெள்ளச்சி என்று இருக்கிறதே, இது என்ன?" என்றார். அமேலியா பதில் சொல்வதற்குள் பின்னால் காளியப்பன் எழுந்துவிட்டார். வெள்ளச்சி தன் ஆடு என்றும், அந்தக் கொல்லையில் தேமல் எப்போது வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து பரவியது, விதைக் குச்சி யாரிடம் வாங்கியது என்றும் நிறுத்தாமல் சொன்னார். அடுத்த பெயருக்கு அடுத்தவர் எழுந்தார். அவர்கள் பேசியதை அண்ணாமலை குழுவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். குழுவினர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மதியமே தலைவர் சொல்லிவிட்டார்: வெளிநாட்டு இடமும் வரவேற்புப் பிரிவும் ரத்து இல்லை, அடுத்த வருஷத்திலிருந்து இடம் இரண்டு. அமேலியா பொன்னியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என்ன விஷயம் என்று பொன்னி கேட்க, இனி வருஷத்துக்கு இரண்டு பேர் வருவார்கள் என்று அண்ணாமலை விளக்கினார். பொன்னிக்கு அது திருப்தியாக இல்லை. "ரெண்டு பேருதானா? எங்க ஊர்ல உரலு நாலு கெடக்குதே!"

ஆக, வந்தவர்கள் ஊரை விட்டு ஓடாமல் இருக்க இந்த வரவேற்பு அலுவலர் செய்த ஆகப் பெரிய உதவி, உதவி செய்வதைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டதுதான்.