கயிறு மட்டும் எனக்கு

குதிரை வாங்கி விக்கிறவன் வீட்டுல குதிரை நிக்காது, கயிறுதான் தொங்கும். எங்க பக்கத்துல மாடோ குதிரையோ, வித்தா தலைக்கயித்தக் கழட்டி நாம வச்சுக்கணும். வாங்குறவங்க புதுக்கயிறு கொண்டாந்து மாட்டிக் கூட்டிட்டுப் போவணும். கயித்தோட குடுத்தா வீட்டு லட்சுமியும் கூடப் போயிடும்பாங்க. பாய் வூட்டுல ஏது லட்சுமின்னு கேக்காதீங்க, வியாபாரத்துல எல்லா வழக்கமும் எல்லாருக்கும்தான்.

ஆசையா வச்சிருந்த பைக்க வித்துட்டு, அப்புறம் பஸ் ஸ்டாண்டுல வேற எவனோ அத ஒதைச்சு ஸ்டார்ட் பண்றதப் பாத்து வயிறு எரிஞ்சவங்க இருப்பீங்கல்ல? உங்களுக்குத்தான் இது. ரேஸ்ல ஓடி ஓஞ்ச குதிரைங்கள பெங்களூருல வாங்கியாந்து, கடலூர், சிதம்பரம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும், பீச் சவாரிக்கும், ஆசைக்கு வளக்கறவங்களுக்கும் விக்கிறேன். அதுல ஒரே ஒரு குதிரையப் பத்தித்தான் இங்க பொலம்பப் போறேன்.

ஓனர் பாத்த கடைசிப் பார்வை

அது செவலப் பெட்டை. ரேஸ் பேரு மிட்நைட் எம்ப்ரஸ். முன்னங்கால்ல நரம்பு இழுத்துக்கிச்சு, இனிமே ஓட்டத்துக்கு ஆவாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. லாயத்துல அதுக்குத் தீனி போட்டு வளத்த ஆளு, கழுத்தக் கட்டிக்கிட்டுக் கொழந்தையாட்டம் அழுவுறாரு.

ஓனர் கார விட்டு எறங்கல. கண்ணாடிய மட்டும் எறக்குனாரு. நான்தான் மனசு கேக்காம, "எம்ப்ரஸ வண்டியில ஏத்தறோம், ஒரு தடவ பாத்துருங்க சார்"னேன். போன்லேருந்து கண்ணெடுக்காமக் கேட்டாரு:

"எம்ப்ரஸா? அது அந்த வெள்ளக் குதிரதானே?"

சுழி பாத்தவரு

கடலூர் செம்மண்டலத்துல எங்க வீட்டுப் பின்னாடி எம்ப்ரஸக் கட்டியிருந்தேன். மனை வாங்கி விக்கிற ஒருத்தரு பாக்க வந்தாரு, கூடவே சுழி பாக்குற பெரியவரு. குதிரை ஒடம்புல மயிறு எங்கெங்க சுழிச்சிருக்குன்னு பாத்துத்தான் இங்க பாதிப்பேரு வாங்குவாங்க. கால் விஷயத்த மறைக்கக் கூடாதுன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள, பெரியவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு குதிரைய ஒரு சுத்து சுத்தி, முதுகுல சேணம் போடுற எடத்துல ஒரு சுழியக் கண்டுபிடிச்சுட்டாரு. அது வாங்குற வீட்டுக்காரருக்கு ஆவாதாம். கால யாரும் குனிஞ்சுகூடப் பாக்கல. நானா சொன்னதுக்கு, மனைக்காரரு வண்டியில ஏறிக்கிட்டே சொன்னாரு:

"கால் நொண்டுனாக்கூடப் பரவால்ல பாய், சுழி நொண்டக் கூடாது."

கீழ வீதி ஓட்டம்

அடுத்தது சிதம்பரத்துல ஊர்வலத்துக்கு வண்டியும் குதிரையும் விடுற குமாரு. மச்சான்னுதான் கூப்புடுவான். வெடி வச்சுப் பாத்தான், மேளம் அடிச்சுப் பாத்தான், மூஞ்சிக்கு நேரா லைட்டு போட்டான். எம்ப்ரஸ் அசரல. நொண்டாம மெதுவா நடந்தாப் போதும்னு புதுக்கயிறு மாட்டிக் கூட்டிட்டுப் போனான், 'ராணி'ன்னு பேரும் வச்சான்.

மொத ஊர்வலம், கீழ வீதியில. மாப்பிள்ளை மேல, ராணி கீழ, எல்லாம் ஜோராத்தான் போயிருக்கு. அப்பப் பாத்து ஒரு கடைக்காரரு மழைக்கு எறக்கியிருந்த ஷட்டர 'தடார்'னு தூக்குனாரு. ரேஸ்ல இரும்புக் கதவு அப்படித்தான் தொறக்கும், தொறந்தா ஓடணும். இத்தன வருசம் இதே தொழில்ல இருக்குற எனக்கும் இது தோணல, குமாருக்கும் தோணல. கீழ வீதிய ஒரே மூச்சுல முடிச்சுட்டா. மாப்பிள்ளைக்குக் கீறல்கூட இல்ல, அல்லா காப்பாத்துனான். ஆனா காலு மறுபடி வீங்கிடுச்சு. குமாரு போன்ல கத்துனான்:

"குதிரைய ஓட்டிட்டுப் போ மச்சான், மாப்பிள்ளை ஓடிட்டாருன்னு பொண்ணு வூட்டுல ஒரே அழுவை!"

டீச்சர் கேட்ட கேள்வி

திரும்பி வந்ததுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். பழைய கயித்த ஆணியிலேருந்து எடுத்து மாட்டுனேன், தோள்ல மூஞ்ச வச்சுக்கிச்சு. வச்சுக்கலாம்னு ரொம்ப ஆசை. ஆனா எங்க பின்கட்டு முழுக்க சிமெண்ட்டு. பொத பொதன்னு மணல் இருக்குற எடமாப் பாருங்க, இல்லன்னா கால் போயிடும்னுட்டாரு டாக்டர்.

சிதம்பரத்துக்குப் பக்கத்துல கிள்ளையில ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தவங்க, ஸ்கூல்ல வெளையாட்டு சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டச் சுத்தி மணல். வந்ததும் சுழியும் பாக்கல, பேரும் கேக்கல. "முன்னங்காலக் காட்டுங்க"ன்னு குந்திப் பாத்துட்டு, கையூணி எழுந்தாங்க. சவாரி போவ முடியாது டீச்சர்னு சொன்னேன்.

"எனக்கும் முட்டி தேஞ்சுதான் போச்சு பாய், ரெண்டு பேரும் மெதுவா நடந்துக்குறோம்."

கிள்ளையில ஒரு சாயங்காலம்

குடுத்துட்டு வந்தேனே தவுர, மனசு அங்கயே நின்னுடுச்சு. எங்க ஊரு பீச்சுப் பக்கம் தேவனாம்பட்டினத்துல மணலா ஒரு எடத்த வாடகைக்குப் பேசிட்டேன், அவளுக்காகவே. "கேட்டுப் பாருங்க, குடுத்தாலும் குடுப்பாங்க"ன்னா எம் பொண்டாட்டி. பழைய கயித்தப் பையில போட்டுக்கிட்டு, வெல்லத்தையும் வாங்கிக்கிட்டுப் போனேன்.

தூரத்துலேருந்தே கூப்புட்டேன். காது நிமிந்துது. ஓடி வரும்னு கைய நீட்டிக்கிட்டு நின்னேன். என்னையப் பாத்ததும் பின்பக்கமாவே நடந்து போயி, டீச்சர் முதுகுக்குப் பின்னாடி ஒதுங்கிக்கிச்சு. ஒடம்பு நடுங்குது. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. நான் வந்தா வண்டி வரும், வண்டி வந்தா வீடு மாறும். அந்த வாயில்லா ஜீவன் என்னையப் பத்தித் தெரிஞ்சு வச்சிருக்கறது அவ்ளோதான். பையத் தொறக்கல. வெல்லத்த மட்டும் டீச்சர் கையில குடுத்தேன். அத நக்கிக்கிட்டே அவ என்னையப் பாக்குறா. டீச்சர் மெதுவா சொன்னாங்க:

"கோச்சுக்காதீங்க பாய், உங்கள மறக்கல, அதான் பயப்படுது."

கயிறு இப்ப பழையபடி ஆணியில தொங்குது. நான் கிட்டப் போனா ஒதுங்காம நிக்கிறது எங்க தொழில்ல அது ஒண்ணுதாங்க.