பின் சக்கரத்துக்கு மட்டும் புது டயர்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, செடெனாக் செம்பனைத் தோட்டத்து ஓரமாகச் சைக்கிளோடு மறுபடியும் நின்றேன். விழுந்து கிடந்த பனைமட்டையின் முள் பின் டயரில் இறங்கியிருந்தது. இந்த வருடத்தில் ஐந்தாவது பங்சர்!

டியூப் மாற்றத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் – மனைவிக்கு ஃபோன் போடுவது.

தேவி, எங்கள் வீடு இருக்கும் தெப்ராவிலிருந்து காரில் வந்தாள். திங்கள் முதல் சனி வரை அவளுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பினால், வீடு திரும்பும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. மிஞ்சுவது ஞாயிறு ஒன்று. அன்றைக்கும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் கோபம் வராதா?

திரும்பும் வழியில் குலாய் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் வழக்கம்போலப் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. வழக்கம்போலத் திட்டு.

“பங்சர் ஆகாத டயர் வாங்குங்க. இல்லன்னா சைக்கிள வித்துருங்க. நான் என்ன, நின்ன வண்டிய இழுக்கிற டோ டிரக்கா?”

நியாயம்தானே! அப்படியே சைக்கிள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முரளி ஒரு டயரை என் கையில் கொடுத்தார். “முள்ளு சுலபமா இறங்காதுண்ணே. உள்ளுக்குத் தடிப்பா ஒரு அடுக்கு இருக்கு. ஆனா வெயிட்டு லா... மேட்டுல இழுக்கும். குலுக்கலும் ஜாஸ்தி. முதுகு வலிக்குதுன்னு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

வேகம் குறையும், நிம்மதி வரும். முதுகு வலிக்கும், மனைவி திட்டமாட்டாள். எது லாபம்? எனக்குத் தலை சுற்றியது.

தேவி டயரை அழுத்திப் பார்த்தாள். “அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை நான் வர வேணாமா?”

“வேணாம். நல்லாத் தூங்கு!” என்றேன் பெருமையாக.

அவள் முகம் வாடிவிட்டது. அலமாக்! அவள் கேட்டதைத்தானே வாங்கப்போகிறேன்? சந்தோஷப்பட வேண்டாமா?

“ரெண்டு டயரும் மாத்திடவாண்ணே?” என்றார் முரளி.

நான் வாய் திறக்குமுன் தேவி சொன்னாள்: “பின்னாடி மட்டும் போதும். முன்னாடி பழசே இருக்கட்டும்.”

“முன்னாடியும் முள்ளு குத்துமே?” என்றேன்.

“குத்தட்டும்.”

ஒரு வாரம் முழுக்க மண்டையைக் குடைந்தேன். பாதி டயர் மாற்றுவதில் என்ன லாஜிக்? இந்தப் பெண்மணிக்கு என்னதான் வேண்டும்?

போன ஞாயிறு காலை நான் கிளம்பும்போது, “ஃபோன்ல சார்ஜ் இருக்கா?” என்று கேட்டாள். அதற்குள் குளித்து, தலை வாரி, கார் சாவியையும் எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று போய்வந்த வழியெல்லாம் ஒரு முள்கூடக் குத்தவில்லை. இரண்டு டயரிலும் காற்று நிறைய இருந்தது.

குலாய் கடை வாசலில் இறங்கி, அவளுக்கு ஃபோன் போட்டேன்.