முழங்கால் உயரச் சுவர்

கோட்டைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக எழும்பும் புதுக் கழிப்பறைச் சுவரில் ஈரச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். அந்தச் சிமெண்ட் வாசனை என்னைச் சிங்கவரத்தில் நான் படித்த, இப்போது இடித்துவிட்ட பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கென்று தொடங்கி முழங்கால் உயரத்தோடு நின்றுபோன சுவர் ஒன்று இருந்தது. பையன்களுக்கு வேலியோரமே போதும் என்பதால் எங்களுக்கு அது கிரிக்கெட் ஸ்டம்ப். என் அக்காவோ தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்க ஒரு வாய்கூடக் குடிக்காமல், உதடு வெடித்து வீடு வந்து சேருவாள்.

எல்லையில் பதற்றம், பணமெல்லாம் ராணுவத்துக்குப் போகிறது என்றார் அந்தக் கட்டட வேலையைப் பார்த்த ஓவர்சியர். பிறகு கார்கில் சண்டையே வந்துவிட்டது. அப்போது கழிப்பறை கேட்பது தேசத் துரோகம் போலாகிவிட்டது. நானும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் மேடையேறி, தியாகத்தைப் பற்றித் தொண்டை கிழிய முழங்கி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினேன். சண்டை முடிந்து மிட்டாய் கொடுத்தார்கள். சுவர் மட்டும் வளரவில்லை.

"சுட்ட குண்டையெல்லாம் திரும்ப வாங்கணுமில்ல?" என்றார் ஓவர்சியர்.

அக்கா வயிற்றுவலியில் சுருண்டு படுத்த அன்று, அவளைக் கடலைக்கொல்லைக்கு அனுப்ப நைனா முடிவெடுத்தார். "படிச்சது போதும்மா. நாளைலேர்ந்து மல்லாட்டை புடுங்க வா."

அக்கா அழவில்லை. எழுந்து உட்கார்ந்து கேட்டாள்:

"எதிரிக்கே அவ்ளோ செலவு பண்றாங்களே நைனா, எங்களுக்கு நாலு செங்கல் வைக்க இன்னா கேடு?"