ஒரு ஆளுக்கான கேக்

ஐரிஸ் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று ஆசுபத்திரியில் சொன்ன அன்றே, அவர் வீட்டுக்கு வந்து ஒரு கலியாணக் கேக்குக்குப் பட்டரும் சீனியும் அடித்தார். அடித்துவிட்டு ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"பெரியம்மா!" என்றேன்.

"என்னடி? சீனி கரைஞ்சுதோ எண்டு நாக்குத்தானே சொல்லவேணும். டொக்டர் வந்து சொல்லுவரோ?"

அவர் என் அம்மா பொன்மலரின் அக்கா. உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கதியால் வேலிதான். அதில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தோம். பெரியப்பா இராசசிங்கம் தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஓய்வுக்கு முன்னமே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் நேசன் அண்ணை எண்பத்து நாலில் லண்டனுக்குப் போனார். அதற்குப் பிறகு பெரியம்மாவுக்கு மிஞ்சியது மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கேக். ஒரு தகர அவணுக்கு மேலேயும் கீழேயும் சிரட்டைத் தணல் போட்டு அவர் சுடுகிற கேக்கை வெட்டாமல் எங்கள் பக்கத்தில் ஒரு வேதக்காரக் கலியாணமும் நடந்ததில்லை. சைவக்காரரும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் இந்தியன் ஆமி போய்விட்டது. சண்டை இல்லாத சில மாதங்கள் கிடைத்தன. ஒத்திவைத்த கலியாணங்களெல்லாம் ஒன்றாக வந்தன. பெரியம்மா நாள் முழுக்க அடித்தார், நாள் முழுக்க நக்கிப் பார்த்தார். வலது காலின் சின்ன விரலில் செருப்பு வெட்டிய புண் ஆறாமல் கிடந்தது. "சீனி இறங்காட்டி விரலை எடுக்கவேண்டி வரும். அதோடை நிக்குமெண்டு சொல்லேலாது, பாதமும் போகும்" என்று டொக்டர் எனக்கு முன்னால்தான் சொன்னார். வரும் வழியில் பெரியம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. யாரோ பெண்ணுக்கு மூன்று தட்டுக் கேக் வேண்டுமாம், அதைப் பற்றியே கதைத்தார்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். உயிரியல் படித்தவள். சீனி என்ன செய்யும், இரத்தக் குழாய்க்கு என்ன நடக்கும் என்று படம் கீறியே பெரியம்மாவுக்குக் காட்டினேன். "வடிவாக் கீறியிருக்கிறாய்" என்றார்.

நான்தான் நேசன் அண்ணைக்கு எழுதினேன். பதிலாக ஒரு பெட்டி வந்தது. கலியாணமொன்றுக்காக லண்டனிலிருந்து வந்த எங்கள் மச்சாள் இராசமலர், கொழும்பில் இறக்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வெள்ளை நிறம், கண்ணாடிக் கதவு. நெருப்பில்லாமல் சமைக்கிற மைக்ரோவேவ் அடுப்பு. அதோடு ஒரு கசெற். பெரியம்மா கசெற்றைப் போட்டார்.

"அம்மா, சுகமா இருக்கிறியளே? உது உங்களுக்கு மட்டும் ஒரு கேக் செய்யிறதுக்கு. சீனி வேண்டாம். ஒரு பேணிக்கை குரக்கன் மா, ஒரு முட்டை, மசிச்ச வாழைப்பழம், பால் கொஞ்சம், அப்பச்சோடா ஒரு நுள்ளு. பேணியிலையே அடிச்சு, பேணியோடை உள்ளை வைச்சு, ரெண்டு நிமிசம் விடுங்கோ. ஒரு ஆளுக்குக் காணும்."

பெரியம்மா கசெற்றை நிற்பாட்டினார். "ஒரு ஆளுக்கோ?"

"ஓம், உங்களுக்கு."

"ஒரு ஆளுக்குச் செய்யிறது கேக் இல்லையடி, மருந்துக் குளிசை. கேக் எண்டால் வெட்டவேணும், குடுக்கவேணும்."

ஆனாலும் மகன் சொன்னதல்லவா. அலுமாரியைத் திறந்து நேசன் அண்ணையின் எவர்சில்வர் பேணியை எடுத்தார். அடியில் அவருடைய பெயர் வெட்டியிருக்கும். சின்ன வயதிலிருந்து அண்ணை தேத்தண்ணி குடித்த பேணி. வேறு எதை எடுப்பது? யாழ்ப்பாணத்தில் பேணி என்றால் எவர்சில்வர்க் குவளை, அல்லது பால்மாத் தகரம். கலவையை அதற்குள் அடித்து, பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தித் திருகியைத் திருப்பினார்.

பெட்டிக்குள் மின்னியது. படபடவென்று சீனவெடி கொளுத்தியது போலச் சத்தம். அம்மா "ஐயோ, குண்டடி!" என்று வேலிப் பொட்டால் ஓடி வந்தார். நான் வயரைப் பிடுங்கினேன். பேணியின் விளிம்பு கறுத்துப் போயிருந்தது. பெரியம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கறுப்புப் போகவில்லை.

"பெடியன் என்னைச் சாக்கொல்லவோ அனுப்பினவன்?"

இராசமலர் மச்சாள் வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி, அங்கை அவன் பீங்கான் கோப்பையிலைதான் தேத்தண்ணி குடிக்கிறவன். வாய்ப்பழக்கத்திலை பேணி எண்டிருக்கிறான். இதுக்கை இரும்புச் சாமான் வைக்கக் கூடாது."

"அப்ப கோப்பை எண்டு சொல்லுறதுக்கென்ன? பேணியையும் மறந்திட்டான், என்னையும் மறந்திட்டான்."

ஒரு கிழமைக்கு அவர் அந்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புண் ஆறவில்லை, கலியாணக் கேக் ஓயவில்லை, விரல் நாக்குக்குப் போவதும் நிற்கவில்லை. கடைசியில் நானே குரக்கன் என்கிற கேழ்வரகு மாவை வறுத்து, கைபிடி போன கோப்பை ஒன்றில் அடித்து வைத்தேன். முதல் தரம் கல். இரண்டாம் தரம் களி. பின்னேரத்தில் கரண்ட் இறங்கி பல்ப் மின்மினிப் பூச்சி மாதிரி எரியும். அந்த நேரத்தில் வைத்தால் வேகாது என்று பிறகுதான் விளங்கியது. காலையில் வைத்தேன். பொங்கி வந்தது. கறுவாத்தூள் கொஞ்சம் போட்டதில் அறை முழுக்க நத்தார்ப் பண்டிகை வாசம்.

பெரியம்மா ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "இதரைப் பழம் போட்டனியே? கதலி போட்டிருக்கலாம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. எனக்கு உச்சி குளிர்ந்தது. இனி இதைத் தின்று தன் கேக் ஆசையைத் தீர்த்துக்கொள்வார், கால் பிழைத்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை தானே செய்தார். கோப்பையிலிருந்து கவிழ்த்துக் கொட்டினார். கத்தியை எடுத்தார். ஒரு ஆளுக்கான கேக்கை ஐந்தாக வெட்டினார்.

"என்ன செய்யிறியள்?"

"லூர்த்தம்மா வீட்டை ஒண்டு. சிவக்கொழுந்து வீட்டை ஒண்டு. கொம்மா பொன்மலருக்கு ஒண்டு. மார்க்கண்டர் வீட்டை ஒண்டு. எனக்கு ஒண்டு. வாசம் வேலியாலை போயிருக்குமடி. தனிய இருந்து தின்னுறதுக்கு நான் என்ன நாயே?"

தீப்பெட்டி அளவு துண்டுகளை நான்கு தட்டில் வைத்து என்னிடமே தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னேரம் தட்டுகள் திரும்பி வந்தன. எங்கள் ஊரில் வந்த தட்டை வெறுமையாக அனுப்புகிற வழக்கம் இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். லூர்த்தம்மா பெரியம்மாவின் தட்டோடு தன் வீட்டுத் தட்டொன்றிலும் சீனி அரியதரப் பலகாரம் அனுப்பினார். மார்க்கண்டர் வீட்டிலிருந்து ஓர் ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி. என் சொந்த அம்மாவே தட்டில் சீனி போட்டு அனுப்பினார்!

"அம்மா, உங்களுக்குமோ விசர்?"

"வெறுந்தட்டை எப்பிடியடி குடுக்கிறது? அக்கா என்ன நினைப்பா?"

இப்படியே தினமும் நடந்தது. சீனியில்லாத கேக் ஒன்று காலையில் வீட்டைவிட்டுப் போகும். பின்னேரம் நான்கு தட்டுச் சீனியாகத் திரும்பி வரும். நேசன் அண்ணையின் பெட்டி பெரியம்மாவுக்குச் சீனி உழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் வீடு வீடாகப் போனேன். "தயவுசெய்து தட்டிலை இனிப்பு வையாதேங்கோ. பெரியம்மாவின்ரை கால் போயிடும்" என்று கெஞ்சினேன். லூர்த்தம்மா, "பிள்ளை, ஒரு கரண்டியாலை கால் போகுமே? உன்ரை படிப்பு உனக்கு" என்றார். மார்க்கண்டர், "பனங்கட்டி சீனியில்லை மோனை, மருந்து" என்று விளக்கமே சொன்னார். சிவக்கொழுந்து அக்கா ஒருத்திதான் விளங்கிக்கொண்டார். அடுத்த நாள் அவருடைய தட்டில் ஒரு பிடி முருங்கை இலை வந்தது.

பெரியம்மா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேக்குக்கு இலையோ? என்னை ஆடு எண்டு நினைச்சவவோ?"

"அது உங்களுக்கு நல்லது பெரியம்மா!"

"உவளுக்கு இனி ஒரு துண்டும் இல்லை."

சொன்னபடியே செய்தார். சரியாக நடந்த ஒரே ஆளுக்குத்தான் தண்டனை.

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்திருந்தோம், வரவேயில்லை. அந்த வெள்ளைப் பெட்டி மேசையில் சும்மா இருந்தது. கலியாணங்களும் நின்றன, பட்டரும் இல்லை. இனியாவது சீனி இறங்கும் என்று நினைத்தேன். அதற்குள் விரல் கறுத்துவிட்டது. தட்டிவான் ஒன்றில் படுக்க வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். ஹெலியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தட்டிவானை மரத்துக்குக் கீழே விட்டான் சாரதி. சின்ன விரலை எடுத்தார்கள். "இனியும் கூடினால் பாதம்" என்று அதே டொக்டர் அதே குரலில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பெரியம்மா கட்டிலில் இருந்துகொண்டு, "பிள்ளை, அந்தப் பெட்டிக்கை துணி கிடக்கு, காலுக்குக் கட்ட எடுத்துவா" என்றார். நான் மைக்ரோவேவின் கதவைத் திறந்தேன். உள்ளே துணி இருந்தது. துணிக்குப் பின்னால் ஒரு பெரிய பால்மாப் பேணி. மூடியைத் திறந்தால் கழுத்துவரை சீனி. பக்கத்தில் பனங்கட்டிக் குட்டான்கள்.

"இதென்ன?"

"தட்டிலை வந்ததுதான். எறும்புக்குப் பயந்து இதுக்கை வைச்சனான். அந்தப் பெட்டிக்கை எறும்பு போகாது."

"தின்னுறியளோ?"

"தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி. ஒரு கரண்டிதானே."

நான் அழுதேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். இவ்வளவு நாளும் குரக்கன் மா வறுத்தது, படம் கீறியது, வீடு வீடாகப் போய்ப் பல்லைக் காட்டியது எல்லாம் எதற்கு? இதை இப்போதே கிணற்றடியில் கொட்டப் போகிறேன் என்று பேணியைத் தூக்கினேன். பெரியம்மா கட்டிலிலிருந்து எழும்ப வெளிக்கிட்டார். "சாமானைக் கொட்டாதை! சனம் சீனியைக் கண்ணாலை காணேல்லை, நீ கொட்டப்போறியோ?"

அது உண்மைதான். சண்டையில் பாதை பூட்டியதிலிருந்து சங்கக்கடையில் சீனி இல்லை. ஊரே கையில் பனங்கட்டித் துண்டு வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தது. பிறகு அதுவும் குறைந்தது.

நாங்கள் இப்படி இழுபட்டுக்கொண்டிருக்கும்போது லூர்த்தம்மாவின் பேத்தி வேலியால் புகுந்து வந்து வாசலில் எட்டிப் பார்த்தாள். நான்கு வயதிருக்கும்.

"கேக் அம்மா, இண்டைக்குக் கேக் இல்லையே?"

"இல்லை மோனை, கரண்ட் இல்லை."

"தேத்தண்ணி கைக்குது" என்றாள் அவள். பெரியம்மாவுக்கு ஒரு செய்தி சொல்வதுபோல, முறைப்பாடாக இல்லாமல் சொன்னாள்.

பெரியம்மா கட்டிலில் மெல்லச் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளை, அலுமாரிக்கை லூர்த்தம்மா வீட்டுத் தட்டொண்டு கிடக்கு, அரியதரம் வந்த தட்டு. அதை இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை. வெறுந்தட்டை அனுப்பாதை. சீனி போடு" என்றார்.

"எவ்வளவு?"

"நிறைச்சுப் போடு."

அலுமாரிக்குள் இன்னும் தட்டுகள் இருந்தன. மார்க்கண்டர் வீட்டுக்கு ஒரு தட்டு. எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு. கடைசியில், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உவள் சிவக்கொழுந்துவுக்கும் குடு" என்றார். பேணி வெறுமையானது. அடியில் ஒட்டியிருந்ததை நான் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகு தட்டுகள் திரும்பி வந்தன. சீனி வரவில்லை, யாரிடமும் இருக்கவில்லை. முருங்கை இலை வந்தது, வல்லாரை வந்தது, ஒரு நாள் இரண்டு கத்தரிக்காய் வந்தது. பெரியம்மா கோபிக்கவில்லை. புண் மெதுவாகக் காய்கிறது. இன்னும் முழுதாக மூடவில்லை, ஆனால் பாதம் இருக்கிறது.

எல்லோரும் "உன்ரை கவனிப்பாலைதான் பெரியம்மா தப்பினவ" என்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. மூன்று மாதமாக அவருடைய காலைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தேத்தண்ணி கைக்கிறது என்றதும் சீனி வீட்டைவிட்டுப் போனது. தனக்காக ஒன்றை விடச் சொன்னால் அவருக்கு விளங்காது. அடுத்தவருக்குக் கொடு என்றால் உடனே விளங்கும். இதை முதலே தெரிந்திருந்தால் ஒரு விரலும் தப்பியிருக்குமோ என்று நினைத்து நினைத்து நான் சலிக்கிறேன்.

போன கிழமை கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட, பெரியம்மா லண்டனுக்கு ஒரு கசெற் பேசினார். பற்றரி இறங்கி றெக்கோடர் இழுத்து இழுத்து ஓடியது. விரலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக் காட்டிக் களைத்தேன். கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, நீ அனுப்பின பெட்டி நல்ல பெட்டி. ஒரு எறும்பும் உள்ளை போகாது."