பறிகொடுத்த வீட்டுக்காரியின் உத்தியோகம்

“அம்புட்டுப் பெரிய பூட்டை வாசல்ல தொங்கவிட்டா, ‘வீட்டுல ஆள் இல்ல, வாங்க’ன்னு போர்டு மாட்டுன மாதிரிதான? எத்தனை தடவை சொன்னேன், உன் காதுல ஏறுச்சா?”

இது எங்கள் வீட்டுக்காரர். அந்தப் பூட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவரும் அவர்தான். திருடன் பூட்டைத் தொடவேயில்லை, பின்வாசல் கதவைக் கீலோடு பெயர்த்துத்தான் உள்ளே வந்திருக்கிறான் என்றேன். “அதத்தான் நானும் சொல்றேன்” என்றார்.

திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரி என்பதும் ஓர் உத்தியோகம்தான். ஆர்டர் கிடையாது, லீவு கிடையாது, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட வேண்டும், கேட்கிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கும் சகோதரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் சும்மா படித்து வையுங்கள்.

பருப்புத் தரை

சிவராத்திரிக்கு அருப்புக்கோட்டையில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். அவரவர் குலசாமி கோயிலுக்குப் போய்விடுவோம். எங்களுடையது பரளச்சி தாண்டி ஒரு கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தால் அடுப்படித் தரை தெரியவில்லை. பதினாலு டப்பாவையும் கொட்டியிருந்தான். துவரை, உளுந்து, கடலை, கடுகு, வெந்தயம் எல்லாம் ஒரே குவியல். துவரம்பருப்பு டப்பாவுக்குள் நான் துணியில் முடிந்து வைத்திருந்த நாலு வளையலும் ஆரமும், எங்கம்மா எனக்குப் போட்ட தோடும் போயிருந்தன.

போலீஸ் வந்து கைரேகைக்குப் பொடி தூவி, படம் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த நாள் காலையில் பாண்டியம்மா வந்தாள். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மதியம் வரை அந்தக் குவியலைப் புடைத்துப் புடைத்துத் தனித்தனியாகப் பிரித்தாள். போகும்போது சொன்னாள்: “துவரைய மட்டும் தனியா கட்டி வச்சிருக்கேன்க்கா. அத ஆக்கித் திங்க உங்களுக்கு மனசு வராது.”

கேதம் கேட்டு வந்தவர்கள்

சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். வாசலில் செருப்பை விட்டு, முகத்தைத் தொங்கப்போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படி நடந்துச்சு?” என்றார்கள். அப்புறம் பின்வாசலைப் பார்த்தார்கள், பீரோவைப் பார்த்தார்கள், பருப்பு டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிக்கூடப் பார்த்தார்கள். “போனது நம்மளது இல்லன்னு நினைச்சுக்கங்க” என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அப்படியானால் யாருடையது என்று கேட்டேன். காப்பியைக் குடித்தாள்.

போகும்போது எல்லோரும் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு ரகசியம் சொன்னார்கள். ஒருத்தி அரிசிப் பானையாம், ஒருத்தி சாமி படத்துக்குப் பின்னாலாம், ஒருத்தி பழைய பிரஷர் குக்கராம். ஒரு வாரத்தில் எங்கள் தெருவின் மொத்த நகையும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக வந்த எதிர்வீட்டுக்காரி என் காதோடு காதாகச் சொன்னாள்: “வெளிய மூச்சு விட்டுறாதீக மதினி, எங்களது மிளகாய் வத்தல் மூடைக்குள்ள கெடக்கு.”

கோடிட்ட இடம்

ஸ்டேஷனில் ஒரு ஏட்டு. நல்ல மனுஷர், ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, புகாரை நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதினேன். ‘யார் மீதாவது சந்தேகம் உண்டா?’ என்ற இடம் வந்தது. இல்லை என்றேன். “நகை இருந்த இடம் வேற யாருக்கும் தெரியுமாம்மா?” என்றார். பாண்டியம்மாவுக்குத் தெரியும், அவள் முன்னால்தான் முடிந்து வைத்தேன், ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். “அப்ப பேரை மட்டும் எழுதுங்க. எடத்தக் காலியா விட்டா அய்யா கேப்பாரு.”

நான் கான்வென்டில் படித்தவள். பதில் தெரியாவிட்டாலும் கோடிட்ட இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று பத்து வருஷம் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எழுதினேன். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு ஏட்டு சொன்னார்: “முத்து முத்தா இருக்கும்மா கையெழுத்து.”

கேமரா

மறுநாள் பாண்டியம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடிக்கவில்லையாம், திட்டவில்லையாம். காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதானாம். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நானே பாத்திரம் துலக்கினேன். பீரோவில் திருடன் கைபட்ட புடவைகளை எல்லாம் துவைத்தேன்; காய்ந்ததும் மறுபடி துவைத்தேன். குளிக்கப் போனால் பாதியில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பால்காரர் மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். எங்கள் வீட்டுக்காரர் நாலு கேமரா வைத்தார். அன்றிலிருந்து எங்கள் தெரு ஆடுகளின் போக்குவரத்து முழுவதும் என் போனுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கேமராவில்தான் பார்த்தேன், பாண்டியம்மா எதிர்வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போவதை. எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன். “நீங்க நிறுத்துனீக, நாங்களும் நிறுத்திட்டோம். அவ வேலை பாத்த அந்த வாத்தியார் வீட்டுலயும் நிறுத்திட்டாக” என்றாள். நான் நிறுத்தவில்லையே, அவளாகத்தான் வரவில்லை என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான மதினி?”

சூடம்

திருச்சுழியிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். கோயிலில் காசு வெட்டிப் போட வேண்டுமாம். ஒரு ரூபாய்க் காசை இரண்டு துண்டாக வெட்டி அம்மன் முன்னால் போட்டால், திருடியவன் குடும்பம் விளங்காதாம். நீ காசை வெட்டி முடிப்பதற்குள் அவன் நகையை உருக்கி முடித்திருப்பான் என்றேன். கேட்டால்தானே? வெள்ளிக்கிழமை காலையில் உளியும் சுத்தியலுமாக என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எங்களுக்கு முன்னாலேயே பாண்டியம்மா சந்நிதியில் நின்றாள். நாங்கள் காசு வெட்ட வருவதைக் கோயில் பூக்காரி சொல்லியிருப்பாள். யாரும் அவளைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. அவளாகவே உள்ளங்கையில் சூடத்தை வைத்து ஏற்றினாள். “நான் எடுத்திருந்தா என் கண்ணு அவியட்டும் தாயி” என்று சொல்லி, எரிகிற சூடத்தைக் கையை மூடி அணைத்தாள். என் நாத்தனார் உளியைப் பையில் போட்டுவிட்டாள். “இதெல்லாம் எதுக்கு பாண்டியம்மா?” என்று நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். எனக்குத் தோன்றாத ஒன்றை, ஐந்தாவதோடு நின்றவள் சத்தம் போடாமல் கேட்டாள்: “எந்த டப்பாவுல இருக்குன்னு தெரிஞ்சவ எதுக்குக்கா பதினாலையும் கொட்டப் போறா?”

அடித்தல் திருத்தல்

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஏட்டு, அதே ஃபேன். அந்தப் பெயரை அடித்துவிட வேண்டும் என்றேன். “எழுதுனது எழுதுனதுதாம்மா, எப்படி அடிக்க முடியும்?” என்றார். பதினாலு டப்பா விஷயத்தைச் சொன்னேன். புகாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, பாயிண்டுதான்” என்றார். அப்புறம் எனக்கு உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்: “வேணும்னா வேற ஒரு பேரு குடுங்கம்மா, மாத்திக்கலாம்.”

குமாரலிங்கபுரம் பஸ்

என் நாத்தனார் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, பாண்டியம்மா மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் போய்க் காட்டினேன். “சரி, பாப்போம்” என்றார்கள். துக்கம் கேட்க வந்தபோது இருந்த சுறுசுறுப்பு இப்போது ஒருத்தர் முகத்திலும் இல்லை.

நகை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று இப்போது நானே வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். வேலை சீக்கிரம் முடிகிறது. கிடைக்க வேண்டியது வேறு. அதற்காகத்தான் நேற்று குமாரலிங்கபுரம் பஸ்ஸில் ஏறினேன். பாண்டியம்மா வீடு ரோட்டிலிருந்து உள்ளே, பருத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் போவது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. வழி காட்டிய பெரியவர், “டேசன்ல உக்கார வச்சாகளே, அந்தப் பிள்ளை வீடா?” என்றார்.

வாசலில் அவள் செருப்பு கிடந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும் நின்றுவிட்டது. கதவு ஒருக்களித்தபடியே இருந்தது. ஜெராக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினேன். தப்பு என்னுடையது என்றேன். வேலைக்கு வர வேண்டாம், வெளியே வந்து என்னை நாலு கேள்வி கேட்டால் போதும் என்றேன். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

இந்த உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு பெயரை எழுதிக் கொடுக்க அரை நிமிஷம் போதும், திரும்ப வாங்கத்தான் பஸ் ஏறிப் போய் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது.

“பாண்டியம்மா, உள்ளதான இருக்க? கொஞ்சம் வெளிய வா.”