நின்ற மாதிரி இருந்த பஸ்

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டில் இரண்டு முதலாளிகளின் பஸ்கள் ஆள் பிடிக்கப் போட்டிபோட்டு ஓடின. அண்ணன் பஞ்சு லோடு ஏற்றுகிறவன். நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அண்ணனின் தூக்குச்சட்டியோடு அவன் கூட்டாளி முந்தின பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். நாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். கரிசல்காட்டுக்கு நடுவே முந்தின பஸ்ஸை எட்டிப் பிடித்த எங்கள் டிரைவர், முந்த முடியாமல் பக்கத்திலேயே ஓட்டினார். படியில் நின்ற அண்ணனுக்கு நேரெதிரே கூட்டாளியின் ஜன்னல், நகராமல் நின்றது.

"ஏலே, பிடி!" என்று அவன் சட்டியை நீட்டினான். அண்ணன் கையை நீட்டினான்.

குறுக்கே ஆடுகள் வந்தன. எங்கள் டிரைவர் இடதுபக்கம் ஒடித்தார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் அண்ணனின் வலது கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். ரோட்டில் அடித்துக்கொண்ட முதலாளிகள் கோர்ட்டில் ஒன்றாகிவிட்டார்கள். பஸ் இரண்டும் ஸ்டாப்பில் நின்றன, கிளம்பிய பிறகும் இவன்தான் கையை உள்ளே இழுக்கவில்லை என்றார்கள். இறங்கிப்போன பயணிகளில் ஒருவர்கூட சாட்சிக்கு வரவில்லை. கூட்டாளியும் வரவில்லை.

முதலாளிகளின் வக்கீல் அண்ணனிடம் கேட்டார்: "கையை நீட்டும்போது பக்கத்து பஸ்ஸு எப்படி இருந்துச்சு?"

"நின்ன மாதிரி இருந்துச்சுங்கய்யா. அதனாலதான் நீட்டினேன்."

"நின்னுச்சுன்னு அவரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன ரேஸு?"

என்னைக் கூண்டில் ஏற்றியபோது படபடவென்று சொன்னேன்: "ரெண்டு பஸ்ஸும் ஒரே வேகத்துல ஒரே பக்கமாப் போனா, ஒண்ணுல இருக்கவுகளுக்கு மத்தது நிக்கிற மாதிரித்தான் தெரியும். ரோட்டோரம் நிக்கிறவுகளுக்குத்தான் ரெண்டும் ஓடுறது தெரியும். இதுக்கு ரிலேட்டிவ் வெலாசிட்டின்னு பேரு."

"தம்பி, இதைப் பரீட்சையில எழுதுங்க. நல்ல மார்க்கு கிடைக்கும்" என்றார் வக்கீல்.

கோர்ட்டே சிரித்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் கேட்டான்: "ஏலே, ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிருக்கணுமோ?"

"நீ பார்த்ததைத்தானே சொன்ன" என்றேன். அது அவனுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. எழுதாமல் விட்டேன்.

அந்த டிரைவர் எழுபதுகளிலும் அதே லைனில் ஓட்டினார். எங்களைக் கண்டால் கையைத் தூக்குவார். அண்ணன் இடது கையைத் தூக்கிக் காட்டுவான்.