கதிருக்குப் பயந்த சாலமோன்

சாலமோன் அண்ணன் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் வெல்டர். பக்கத்திலேயே நான் ஃபிட்டர். அவரைப் போல ஓர் அழுத்தக்காரரை நான் பார்த்ததில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள், இதயத்தை ஒட்டி நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, வெளியே வந்து, "நாஷ்டா துன்னியாடா?" என்று என்னைக் கேட்டவர். கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. கட்டியும் நன்றாகச் சுருங்கியது.

மிச்சத்துக்கு ரேடியேஷன் என்றதும்தான் ஆள் ஆடிப்போனார்.

வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா என்று எங்கள் தளத்தில் கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, அத்தனை பேரையும் விரட்டிவிடுவார்கள். கதிர் என்றால் ஓடு, அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

"எல்லாரும் ஓடுற எடத்துல நான் போய்ப் படுக்கணுமா? கீமோவே இன்னும் ஏத்துங்க சார்" என்று மல்லுக்கு நின்றார்.

டாக்டர் பொறுமைசாலி. கீமோ மருந்து ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போய்த் தேடும். அதையே மேலும் ஏற்றினால் நுரையீரலும் இதயமும் தாங்காது என்றார். கதிரோ, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும்தான் பாயும். அதிலும் இதயத்துக்குக் கெடுதல் வரலாம், அதனால்தான் கோணம் பார்த்துக் குறி வைக்கிறோம் என்றார். கதிர் வைக்காமல் விட்டால் கட்டி திரும்ப வரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

தினமும் போய்வர அண்ணன் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். முதல் நாள், நெஞ்சில் குறி போட்டுப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினார்கள். உள்ளே அண்ணன் இம்மிகூட அசையவில்லையாம்.

வள்ளூரில் இருக்கும் அவர் வீட்டுக்கு வண்டியில் கூட்டிவந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மனைவி ஷைனி அண்ணி கைக்குழந்தையோடு வந்தார்.

"கிட்ட வராத! ஒடம்பெல்லாம் கதிர் கீது. புள்ளய தூக்கினு உள்ள போ!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி பிள்ளையைத் தொடவே முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் அங்கே போய்ப் படுத்திருக்கிறார். பிள்ளைக்கு அப்பன் இருந்தால் போதுமென்று. எப்பேர்ப்பட்ட ஆள்!

"டாக்டராண்ட கேட்டுக்கினேன். மிஷின் நின்னா கதிரும் நின்னுடும். ஒடம்புல ஒட்டிக்கினு வராது" என்ற அண்ணி, பிள்ளையை அவர் கையில் திணித்தார்.

கீமோவுக்கு அழாதவர் ஓவென்று அழுதார். கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்:

"அப்போ நாளைக்கும் தூக்கலாமா, ஷைனி?"